ஓர் ஆவணகத்தின் ஓசிஆர் மென்பொருளை டெபியன் பொதியாக்கியது: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

யாழ்ப்பாண நகரிலுள்ள தனியார் ஆவணகம் ஒன்று பழைய பத்திரிகைகள், சஞ்சிகைகள், கோவில் மலர்கள், 31ஆம் நாள் நினைவு மலர்கள் என்று கைக்குக் கிடைப்பவற்றை ஸ்கான் செய்து, சொல் கொடுத்துத் தேடக்கூடிய பிடிஎஃப் கோப்புகளாக மாற்றி வருகிறது. அங்குள்ள 14 கணினிகளிலும் லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 12 ஓடுகிறது. எல்லாம் வேறு அலுவலகங்களில் பாவித்து முடிந்து வந்தவை; நான்கு கோர், 8 ஜிபி நினைவகம்.

சரிந்த பக்கத்தை நிமிர்த்துவது, கறை நீக்குவது, ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணுதல்) செய்வது, படத்தின் அடியில் எழுத்தை மறைத்து வைத்துப் பிடிஎஃப் ஆக்குவது ஆகிய எல்லாவற்றையும் அங்கு ஒரே திறமூல மென்பொருள்தான் செய்கிறது. அதன் பெயர் இங்கே தேவையில்லை. சி++ மொழியில், கியூட்டி 5 என்ற நிரலகத்தின் திரை இடைமுகத்தோடு எழுதப்பட்ட பெரிய நிரல். டெபியன் களஞ்சியத்தில், அதாவது நிறுவத் தயாரான மென்பொருள் பொதிகளை டெபியன் வைத்திருக்கும் இடத்தில், அது அப்போது இருக்கவில்லை. உருவாக்குநர்கள் தரும் சுருக்கக் கோப்பை ஒவ்வொரு கணினியிலும் கையால் விரித்து வைப்பதே வழக்கமாக இருந்தது.

இதில் இரண்டு தொல்லைகள். 14 கணினிகளில் மூன்று வெவ்வேறு பதிப்புகள் ஓடின. புதியதில் சேமித்த வேலைக்கோப்பைப் பழையது திறக்க மறுத்தது. அதைவிடப் பெரியது, மென்பொருளின் வயிற்றுக்குள் கிடந்த பிறருடைய நிரலகங்கள்: டெசரக்ட் (ஓசிஆர் இயந்திரம்), லெப்டோனிகா, ஓப்பன்சிவி (இரண்டும் படச்செயலாக்கம்), லிப்டிஃப், லிப்வெப்பி (டிஃப், வெப்பி படக்கோப்புகளைக் கையாள்பவை), ஸீலிப் (தரவுச் சுருக்கம்), உதவிப் பக்கங்களுக்காகப் பிடிஎஃப்.ஜேஎஸ், கூடவே நோட்டோ எழுத்துருக்கள். 2023 செப்டெம்பரில் லிப்வெப்பியில் சிவிஇ-2023-4863 என்ற கடுமையான பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது டெபியன் தன் பொதியைத் திருத்தி வெளியிட்டது. அந்தத் திருத்தம் இந்த மென்பொருளுக்குள் இருந்த கொப்பியைத் தொடவில்லை. வெளியாட்கள் கொண்டுவந்து தரும் படக்கோப்புகளை நாள் முழுக்கத் திறக்கும் இடத்தில் இது சிறிய விடயமல்ல.

2024 இறுதியில் வேலை தொடங்கியது. ஈடுபட்டவர்கள் மூவர்: ஆவணகத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளர், நகரில் மென்பொருள் வேலை செய்யும் ஒரு தொண்டர், வெளிநாட்டிலிருந்து மேற்பார்வை செய்ய ஒப்புக்கொண்ட ஒரு டெபியன் உருவாக்குநர்.

இருந்த தெரிவுகள்

சுருக்கக் கோப்பை எல்லாக் கணினிக்கும் ஒரேயடியாகப் பரப்பும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிவிடலாம் என்பது முதல் யோசனை. பதிப்புக் குழப்பம் தீரும், பழைய நிரலகங்கள் அப்படியே இருக்கும் என்பதால் கைவிடப்பட்டது. மென்பொருளைத் தனக்கென்ற அடித்தளச் சூழலோடு தனித்து ஓடவிடும் ஃபிளாட்பேக் முறை இரண்டாவது. அடித்தளச் சூழலை ஒவ்வொரு கணினியும் தனித்தனியே இறக்க வேண்டிவரும், ஸ்கானருடனும் கோப்புறை அனுமதிகளுடனும் மல்லுக்கட்ட வேண்டும் என்று அதுவும் ஒதுக்கப்பட்டது. இந்த இரண்டாம் மறுப்பு அவ்வளவு வலுவானதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பொதியைத் தொடர்ந்து பராமரிக்க ஆள் இல்லாத நிறுவனத்துக்கு ஃபிளாட்பேக்தான் பொருத்தம். இங்கே ஆள் இருந்தார்கள். டெபியன் பொதி என்று முடிவானது.

நிலையான வெளியீட்டுக்குள் புதிய பொதியை டெபியன் ஏற்பதில்லை. முதலில் அன்ஸ்டேபிள் (உருவாக்கக் கிளை), அங்கிருந்து டெஸ்டிங் (அடுத்த வெளியீட்டுக்கான கிளை), பிறகே பேக்போர்ட்ஸ் (நிலையான வெளியீட்டுக்குப் புதிய பொதிகளைத் தரும் பகுதி). ஆகவே வேலை இரு தடங்களில் ஓடியது: ஆவணகத்துக்கென்று ரெப்ரெப்ரோ என்ற கருவி கொண்டு கையொப்பமிட்ட உள்ளூர்க் களஞ்சியம் ஒன்று, டெபியனுக்கென்று அதே மூலப்பொதி. உள்ளூர்ப் பொதியின் பதிப்பெண் முடிவில் டில்டே (~) குறி சேர்க்கப்பட்டது. டெபியனின் ஒப்பீட்டில் டில்டே உள்ள பதிப்பு, அது இல்லாததைவிடச் சிறியது. அதிகாரபூர்வப் பொதி வரும் நாளில் யாரும் எதையும் தொடாமலே அது உள்ளூர்ப் பொதியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மூலநிரலைச் சுத்தப்படுத்தியது

அதிக நேரம் தின்றது நிரல் அல்ல, உரிமம். கொப்பிரைட் கோப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் உரியவர் யார், எந்த உரிமம் என்று எழுத வேண்டும். புதிய பொதிகள் பரிசீலனைக்குக் காத்திருக்கும் டெபியனின் புதுப்பொதி வரிசையில் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். தேடியபோது மூன்று சிக்கல்கள் அகப்பட்டன. உதவிப் பக்கங்களுக்கான ஜாவாஸ்கிரிப்ட் சுருக்கிய வடிவில் மட்டும் இருந்தது, மூலம் இல்லை. ஜேசன் என்ற தரவு வடிவத்தைக் கையாளும் சிறிய நிரல் ஒன்றின் உரிமத்தில் ‘நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல’ என்ற வரி இருந்தது. பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் எந்த வரியும், எவ்வளவு நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டாலும், டெபியனின் கட்டற்ற மென்பொருள் வரையறைக்குள் அடங்காது. ஸ்கானருக்கான நிறவிவரக் கோப்பு ஒன்றில் உரிமமே எழுதப்படவில்லை.

இவற்றையும் பிறருடைய நிரலகங்களையும் நீக்கப்பட வேண்டியவை என்று கொப்பிரைட் கோப்பிலேயே பட்டியலிட்டால், யூஸ்கேன் என்ற டெபியன் கருவி புதிய பதிப்பை இறக்கும்போது அவற்றை வெட்டிவிட்டு மீளச் சுருக்கும். பதிப்பெண்ணோடு டிஎஃப்எஸ்ஜி (மேற்சொன்ன வரையறையின் சுருக்கப் பெயர்) என்ற பின்னொட்டும் சேரும். கையால் அழித்துவிட்டுச் சுருக்குவது முதல்முறை இலகு. அடுத்த பதிப்பு வரும்போது எதை அழித்தோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது.

கட்டுமானம்

மூலநிரலைக் கட்டும் (ஓடக்கூடிய நிரலாக்கும்) முறையைச் சொல்லும் சிமேக் கோப்பு, கட்டும்போதே இணையத்திலிருந்து இரண்டு கூறுகளை இறக்கிக்கொண்டிருந்தது. டெபியன் கொள்கைப்படி கட்டும்போது வலையைத் தொடக்கூடாது. மடிக்கணினியில் கட்டிப் பார்த்தால் இது கண்ணில் படாது. எஸ்பில்ட் என்ற கருவி தரும், வலை அடைக்கப்பட்ட சூழலில் கட்டினால் முதல் நிமிடத்திலேயே நின்றுவிடும். ஒரு கூறு டெபியனில் ஏற்கெனவே இருந்தது. மற்றது சோதனைகளுக்கு மட்டுமே தேவைப்பட்ட மாதிரிப் படங்கள் என்பதால் அந்தச் சோதனைகள் ஓர் ஒட்டு (மூலநிரலின் மேல் போடும் சிறு திருத்தம்) மூலம் அணைக்கப்பட்டன. ஒட்டுகள் எல்லாம் குயில்ட் என்ற கருவியின் வரிசையில், ஏன் போடப்பட்டது, உருவாக்குநர்களுக்கு அனுப்பப்பட்டதா என்ற தலைக்குறிப்போடு வைக்கப்பட்டன.

அடுத்த தடை நினைவகம். 8 ஜிபி கணினியில் நான்கு கோர்களையும் பாவித்துக் கட்டியபோது கர்னல் (இயங்குதளத்தின் கரு) தொகுப்பியை (மூலநிரலை ஓடும் நிரலாக்குவதை)க் கொன்றது. திரையில் வரும் செய்தி ‘தொகுப்பி கொல்லப்பட்டது’ என்பது மட்டுமே. நிரலில் பிழை என்று நினைத்து அங்கேயே தேடிக்கொண்டிருக்க இடமுண்டு. கர்னல் பதிவைப் பார்த்தால்தான் நினைவகம் தீர்ந்தது தெரியும். கியூட்டியும் ஓப்பன்சிவியும் சேர்ந்த சி++ கோப்பு ஒன்றுக்கு ஒரு ஜிபிக்கு மேல் போவது சாதாரணம். வழுத்திருத்தத் தகவல் முழுதாகச் சேர்ந்தால் கடைசி இணைப்புப் படியில் இன்னும் ஏறும். கட்டும் படிகளை எழுதும் ரூல்ஸ் கோப்பில் ஒரே நேரத்தில் இரண்டு வேலைக்கு மேல் ஓடாதபடி வரம்பிட்டு, வழுத்திருத்தத் தகவலை முதல் நிலைக்குக் குறைத்து, எஸ்எஸ்டியில் 8 ஜிபி ஸ்வாப் (நினைவகத்துக்குத் துணையான வட்டு இடம்) ஒதுக்கியதும் கட்டுமானம் நேராக முடிந்தது. மின் போனால் எஸ்பில்ட் தொடக்கத்திலிருந்தே ஓடும். அதற்காக யூபிஎஸ்ஸோடு, தொகுத்தவற்றைச் சேமித்து வைக்கும் சிகேஷும் பூட்டப்பட்டது. இரண்டாம் ஓட்டத்தில் மாறாத கோப்புகள் மறுபடி தொகுக்கப்படுவதில்லை.

ஓப்பன்சிவி ஒரு பயமுறுத்தல். அதன் உருவாக்கப் பொதியை நிறுவப் போனால் விடிகே என்ற நிரலகம் உட்பட வேறு பொதிகளின் நீண்ட வால் ஒன்று கூடவே வரும். அது கட்டும் சூழலுக்கு மட்டுமே. டெபியனின் கருவி, முடிந்த பைனரி எந்த நிரலகங்களோடு இணைந்திருக்கிறது என்று பார்த்துச் சார்புகளை (கூடவே நிறுவ வேண்டிய பொதிகளை) எழுதுவதால், பயனரின் கணினியில் அடிப்படை, படச்செயலாக்கம் ஆகிய இரண்டு ஓப்பன்சிவி நிரலகங்களே நேரடியாகத் தேவைப்பட்டன. கட்டும் சூழலுக்கான இறக்கங்களை ஏபிடி-கேஷர்-என்ஜி என்ற கருவி உள்ளூரில் சேமித்துக் கொடுத்தது.

அதே கருவிக்கு ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. ஓடும்போது திறக்கப்படும் தரவுக்கோப்புகள் அதற்குத் தெரியா. டெசரக்ட் பொதி ஆங்கிலத் தரவைத் தானே இழுத்து வரும், தமிழை இழுத்து வராது. கட்டிய கணினியில் தமிழ்த் தரவு முன்பே இருந்ததால் எல்லாம் ஓடியது. வெறுஞ்சூழலில் நிறுவிச் சோதித்தபோது மொழிப் பட்டியலில் தமிழே இல்லை. பிரதான பொதியில் தமிழ்த் தரவைக் கட்டாயச் சார்பாக்குவதும் சரியல்ல. பிரெஞ்சுப் பயனருக்கு அது எதற்கு? ஆவணகத்துக்கென்று ஒரு வெற்றுப் பொதி உருவாக்கப்பட்டது. மென்பொருள், தமிழ்த் தரவு, நோட்டோ எழுத்துருக்கள் மூன்றும் அதன் சார்புகள்.

நிறுவிய பின் கவனித்தவை

முதலில் இரண்டு கணினிகளில் மட்டும் நிறுவப்பட்டது. மென்பொருள் திறந்தது, ஸ்கானர் வேலை செய்தது, பொதிகளைச் சோதிக்கும் லின்டியன் குறை சொல்லவில்லை. இரண்டாம் நாள் மெய்ப்புப் பார்ப்பவர் தொண்டரைக் கூப்பிட்டுக் காட்டினார்: “முந்தி இப்பிடி இல்லைத் தம்பி. ‘னை’, ‘லை’ எல்லாம் பிழையா விழுது. ஆளும் சரியான ஸ்லோ.”

இரண்டு முறைப்பாடுகளும் உண்மை. கூடவே யாரும் சொல்லாத மூன்றாவது ஒன்றும் பதிவுக்கோப்பில் இருந்தது. மூன்றுக்கும் வேர் ஒன்றே: உள்ளே கிடந்த கொப்பியை எடுத்துவிட்டு டெபியனுடையதைப் பூட்டியபோது நிரலகத்தின் பெயரும் பதிப்பும் மட்டுமே ஒப்பிடப்பட்டன. அந்தக் கொப்பி எந்தத் தெரிவுகளோடு கட்டப்பட்டது, எந்தத் தரவைச் சுமந்தது, உருவாக்குநர்கள் அதற்குள் எதைத் திருத்தி வைத்திருந்தார்கள் என்பவை பார்க்கப்படவில்லை. இந்த நிகழ்வில் மற்றவர்களுக்குப் பயன்படக்கூடிய பகுதி இதுதான் என்பதால் மூன்றும் விரிவாகவே தரப்படுகின்றன.

வேகம். மென்பொருள் கோருக்கு ஒன்றாக நான்கு ஓசிஆர் செயல்களைத் தொடங்கும். உள்ளிருந்த டெசரக்ட் ஓப்பன்எம்பி (ஒரு செயலைப் பல இணை இழைகளாகப் பிரித்து ஓட்டும் வசதி) இல்லாமல் கட்டப்பட்டது. டெபியனுடையது ஓப்பன்எம்பியோடு கட்டப்பட்டது. ஒவ்வொரு செயலும் நான்கு இழைகள் வரை திறக்க, நான்கு கோரில் 16 இழைகள் ஒன்றையொன்று காத்து நின்றன. டெசரக்ட்டைப் பலவாக ஓடவிடும் எவரும் இழை வரம்பை ஒன்றாக்க வேண்டும். அந்த வரம்பைச் சொல்லும் சூழல் மாறியை (செயல் தொடங்கும்போது அதற்குக் கிடைக்கும் அமைப்பை) நிரலுக்குள்ளே நின்று அமைத்துப் பலனில்லை. ஓப்பன்எம்பி நிரலகம் ஏற்றப்படும்போதே அதை வாசித்து முடித்துவிடும். துணைச் செயலைத் தொடங்குவதற்கு முன் தாய்ச் செயல் அதன் சூழலில் இடவேண்டும். ஒட்டு அப்படியே எழுதப்பட்டது, வேகம் பழைய நிலைக்குத் திரும்பியது.

எழுத்துப் பிழை. டெசரக்ட்டின் மொழித் தரவு மூன்று வடிவங்களில் கிடைக்கிறது. ‘பெஸ்ட்’ தொகுப்பு மிதவைப்புள்ளி எண்களால் ஆனது: மெதுவானது, துல்லியம் கூடியது, மேலும் பயிற்றக்கூடியது. ‘ஃபாஸ்ட்’ முழுவெண்களாகச் சுருக்கியது: வேகமானது, சிறியது. மூன்றாவது பல மொழிகளுக்குப் பழைய இயந்திரத்தின் தரவையும் சேர்த்தே வைத்திருப்பது. டெபியன் தருவது ‘ஃபாஸ்ட்’. மென்பொருளுக்குள் இருந்த கோப்பின் எஸ்எச்ஏ-256 கூட்டை (உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் அடையாள எண்ணை) ஒப்பிட்டபோது அது ‘பெஸ்ட்’ என்று தெரிந்தது. கோப்பின் பெயர் இரண்டிலும் ஒன்றே என்பதால் கண்ணால் பார்த்து வேறுபாடு பிடிக்க வழியில்லை.

இன்றைய எழுத்துருவில் அச்சான தெளிந்த பக்கத்தில் இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆவணகத்தின் பெரும்பகுதியோ, 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்களைக் கொண்டது. தும்பிக்கை வைத்த ஐகாரமும் பழைய ‘ணா’, ‘றா’, ‘னா’வும் மங்கிய ஈய அச்சில். அங்கேதான் பிழை கூடியது. மெய்ப்புப் பார்த்து முடித்த 40 பக்கங்களை எடுத்து, ஒரே படத்தை இரண்டு தரவாலும் ஓட்டி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு இது உறுதிசெய்யப்பட்டது. அந்த 40 பக்கங்களே பின்னர் நிலையான சோதனைத் தொகுப்பாகின.

‘பெஸ்ட்’ தரவைத் தனிக் கோப்புறையில் வைத்து, டெசரக்ட்டின் தரவுப் பாதையை அங்கே திருப்புவது முதல் திருத்தம். ஓசிஆர் சரியானது, பிடிஎஃப் உருவாக்கம் நின்றது. காரணம், மறைந்த எழுத்தடுக்குக்கு டெசரக்ட் பாவிக்கும் உருவமற்ற எழுத்துருவும் அமைப்புக் கோப்புகளும் அதே தரவுக் கோப்புறையில்தான் தேடப்படும். பாதையைத் திருப்பினால் அவையும் காணாமற் போகும். இரண்டாவது திருத்தம் எளியது. தரவுக்கோப்புக்கு வேறு பெயரிட்டு டெபியனின் கோப்புறையிலேயே பக்கத்தில் வைத்தால் போதும். கோப்பின் பெயரே மொழிக்குறி என்பதால் டெசரக்ட் அதை இன்னொரு மொழியாகக் காண்கிறது. டெபியனின் தமிழ்ப் பொதியோடு மோதலும் இல்லை. இது தனிப் பொதியாக்கப்பட்டு, ஆவணகத்தின் வெற்றுப் பொதியில் சார்பாகச் சேர்க்கப்பட்டது.

தெளிவளவு (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது). பதிவுக்கோப்பில் பல பக்கங்களுக்கு ‘தெளிவளவு 0, அதற்குப் பதில் 70 எடுத்துக்கொள்கிறேன்’ என்ற எச்சரிக்கை இருந்தது. பழைய ஸ்கானர் ஒன்று டிஃப் கோப்பில் தெளிவளவை எழுதுவதே இல்லை. உள்ளிருந்த லிப்டிஃப்பில் உருவாக்குநர்கள் ஒரு சிறு திருத்தம் செய்து, அந்தப் புலம் இல்லாவிட்டால் 300 என்று திருப்பித் தரும்படி வைத்திருந்தார்கள். எங்கும் குறிப்பில்லை. உள்ளிருந்த லிப்டிஃப்பை அதே பதிப்பின் அசல் மூலத்தோடு வேறுபாடு பார்த்தபோதுதான் அது தெரிந்தது. பொது நிரலகத்தில் இப்படிப் பொய் சொல்ல வைப்பது தவறு. படத்தை டெசரக்ட்டுக்குக் கொடுத்த உடனே, தெளிவளவு இல்லையென்றால் 300 என்று அமைக்கும் அழைப்பு மென்பொருளில் சேர்க்கப்பட்டது. உருவாக்குநர்கள் இதைத் தயக்கமின்றி ஏற்றார்கள்.

மற்ற 12 கணினிகளும் அதன்பின்

பரப்பும்போது ஒரு தடங்கல்தான். முதல் இரண்டு கணினிகளில் இருந்த பொதியில் படவுருக்கள் பிரதான பொதிக்குள் இருந்தன. அடுத்த திருத்தத்தில் அவை கணினிக் கட்டமைப்பைச் சாராத தரவுப் பொதிக்கு மாற்றப்பட்டன. ‘இன்னொரு பொதிக்குச் சொந்தமான கோப்பின் மேல் எழுத முயல்கிறது’ என்று, பொதிகளை நிறுவும் டிபிகேஜி நடுவில் நின்றது. ஒரு கோப்பு பொதி மாறினால், புதிய பொதியில் பழைய பதிப்பைக் குறித்து ‘பிரேக்ஸ்’ (அதோடு சேர்ந்து இயங்காது), ‘ரிப்ளேசஸ்’ (அதன் கோப்பின் மேல் எழுதலாம்) இரண்டும் எழுத வேண்டும். புதிதாக நிறுவும் கணினியில் இந்தப் பிழை ஒருபோதும் வராது என்பதால், பழைய பொதியின் மேல் மேம்படுத்தும் பாதையைப் பியூபார்ட்ஸ் என்ற கருவி கொண்டு தனியே சோதிக்க வேண்டியிருக்கிறது.

கையால் விரித்து வைத்த பழைய கொப்பிகள் ஒப்ட் கோப்புறையிலிருந்து அகற்றப்பட்டன. அதற்கு முன் எல்லா வேலைக்கோப்புகளும் பிரதியெடுக்கப்பட்டன. புதிய பதிப்பு அவற்றைத் திறந்தவுடன் வடிவத்தை மாற்றிவிடும், பின்வாங்க வழியில்லை.

டெபியனுக்குள்

டெபியனின் வழுப் பட்டியலில், பொதியாக்கும் எண்ணத்தை அறிவிக்கும் பதிவு இடப்பட்டது. மேற்பார்வையாளர் பொதியைப் பார்த்துத் திருத்தி ஏற்றினார். புதுப்பொதி வரிசையிலிருந்து ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டது: மொழிபெயர்ப்புக் கோப்புகளின் உரிமையாளர்கள் சிலர் கொப்பிரைட் கோப்பில் விடுபட்டிருந்தனர். மறுபடி ஏற்றி, ஏற்கப்பட்டபோது டெபியன் 13இன் மென்உறைவு (வெளியீட்டுக்கு முன் மாற்றங்களை மட்டுப்படுத்தும் கட்டம்) தொடங்கிவிட்டது. 2025 ஏப்ரல் 15க்குப் பின் புதிய மூலப்பொதிகள் டெஸ்டிங்குக்குள் செல்லவில்லை. ஓகஸ்ட் 9இல் வெளியான டெபியன் 13இல் ஆகவே இந்த மென்பொருள் இல்லை. வெளியீட்டுக்குப் பிறகு அது டெஸ்டிங்குக்கு நகர்ந்தது, பேக்போர்ட்ஸ் வழி திறந்தது. ‘பெஸ்ட்’ தரவுப் பொதி மட்டும் உள்ளூர்க் களஞ்சியத்திலேயே இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் தரவுக்குப் போட்டியாக இன்னொன்றை டெபியனில் சேர்ப்பதற்கு டெசரக்ட் பொதியின் பராமரிப்பாளர்களோடு பேச வேண்டும். அது இன்னும் நடக்கவில்லை.

அடுத்த முறை மாற்றப்படுபவை

உள்ளிருக்கும் எந்த நிரலகத்தையும் வெட்டுவதற்கு முன் அதே பதிப்பின் அசல் மூலத்தை இறக்கி வேறுபாடு பார்ப்பது. சிமேக்கில் அதற்குக் கொடுத்த தெரிவுகளை டெபியனின் கட்டுமானப் பதிவோடு ஒப்பிடுவது. தரவுக்கோப்பு ஒவ்வொன்றுக்கும் கூட்டு எடுப்பது. ஒரு நிரலகத்துக்கு அரை மணி நேரத்துக்கு மேல் போகாது. இவ்வளவையும் வெட்டிய பின் தேடியபோது கிழமைக்கணக்கில் போனது. ஸீலிப் போன்றவற்றில் எதுவும் அகப்படாது என்று முன்கூட்டியே சொல்லலாம். ஆனாலும் பார்ப்பதற்குச் செலவு குறைவு.

மெய்ப்புப் பார்த்த 40 பக்கங்கள் பொதி உருவாகும் முன்பே இருந்திருக்க வேண்டியவை. இப்போது ஒவ்வொரு புதிய பதிப்பும் அவற்றின்மேல் ஓடிய பின்னரே உள்ளூர்க் களஞ்சியத்துக்குப் போகிறது; பிழை கூடினால் பொதி நிறுத்தி வைக்கப்படுகிறது.

உரிம ஆய்வு வேலையின் இறுதிக்குத் தள்ளப்பட்டது. அதை முதலில் முடித்து, ஏற்றுவதையும் முன்னதாகவே செய்திருந்தால் டெபியன் 13 கைநழுவியிருக்காது. மென்உறைவுத் திகதி மாதக்கணக்கில் முன்பே அறிவிக்கப்படுகிறது. புதுப்பொதி வரிசையில் எவ்வளவு காலம் நிற்கும் என்பது மட்டுமே யார் கையிலும் இல்லை.

தீராத விடயம் ஒன்று இருக்கிறது. டெபியனில் டெசரக்ட்டின் தரவுக் கோப்புறையின் பாதையில் அதன் பிரதான பதிப்பெண் இடம்பெறுகிறது. 12இலும் 13இலும் அது 5. அந்த எண் மாறும் நாளில் ‘பெஸ்ட்’ தரவு தவறான இடத்தில் கிடக்கும், மென்பொருள் ஓசையின்றி ‘ஃபாஸ்ட்’டுக்குத் திரும்பிவிடும். இதற்காகத் தரவுப் பொதியின் சோதனையில் ஒரு வரி சேர்க்கப்பட்டுள்ளது: நிறுவிய பின் டெசரக்ட் தரும் மொழிப் பட்டியலில் புதிய பெயர் இல்லையென்றால் சோதனை தோல்வி.